கட்டாத கட்டுமரங்கள்

இருபது வருஷங்களாக நான் பிறர் எழுதிய நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லி வருகிறேன். அதனால் சிநேகிதர்கள் குறைந்திருக்கிறார்களே தவிர, என் பேச்சை நம்பி யாரும் பெரிய தொகை செலவழித்ததாகத் தெரியவில்லை. முதன்முதலில் அப்படித் துணிந்தவன் என் மைத்துனன். லண்டனில் இருக்கிறான், பாய்ப்படகு ஓட்டச் சான்றிதழும் வாங்கியிருக்கிறான். இரண்டு வருஷம் சேமித்த பணத்தில், 2023 ஜூன் மாதம் கிரேக்க நாட்டின் அயோனியத் தீவுகளுக்கிடையே ஒரு வாரம் குடும்பத்தோடு படகில் சுற்றுவதென்று தீர்மானித்தான். அவன், அவன் மனைவி, இரண்டு குழந்தைகள், நான், என் மனைவி, அறுபத்தெட்டு வயதில் முழங்கால் வலியோடு என் மாமியார். ஆக ஏழு பேர். நாலு கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களை எனக்கு அனுப்பிவிட்டு டெலிபோனில் கூப்பிட்டான்.

"அத்தான், வழவழப்பான காகிதத்தில் பொய் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரியும். எந்தக் கம்பெனிக் கட்டுமரம் நல்லது என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள்."

கட்டுமரம் என்றதும் என் மனத்தில் வந்து நின்றது நாகப்பட்டினத்துக் கடற்கரை. சில இலேசான மரக்கட்டைகளை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுக்கினால் அது கட்டுமரம். அதற்கு வயிறு இல்லை, அறை இல்லை, கூரை இல்லை. மேலே ஏறி வந்த அலை கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். தண்ணீர் புகுந்து மூழ்குவதற்கு அதில் இடமே கிடையாது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, 1697-இல் வெளியான தம் பிரயாண நூலில் சோழமண்டலக் கரையின் இந்தப் பெயரை எழுதி வைத்தார். பெயர் அப்படியே இங்கிலீஷுக்குள் போய்விட்டது.

ஆனால் மைத்துனன் அனுப்பிய படங்களில் இருந்தது வேறு ஜாதி. இரண்டு நீண்ட உடல்கள், அவற்றின் மேல் பாலம் போட்டாற்போல ஒரு தளம், தளத்தின் மேல் ஒரு வீடு. இரட்டை உடல் படகு நம்முடைய கண்டுபிடிப்பல்ல, பசிபிக் தீவுக்காரர்களுடையது. 1876-இல் நதானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். மற்றப் படகுகள் வெகு தூரம் பின்தங்கின. தோற்றவர்கள் ஆட்சேபம் கிளப்பி, அந்த ஜாதிப் படகையே சாதாரணப் பந்தயங்களிலிருந்து விலக்கச் செய்தார்கள். விலக்கப்பட்ட அந்தப் படகுக்குத்தான் நம்மூர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ்ப் பெயர், பசிபிக் உடல், இன்றைக்குப் பெரும்பாலும் பிரெஞ்சுத் தொழிற்சாலை. எதையும் கட்டுவதும் இல்லை, அதில் மரமும் அதிகம் இல்லை. கண்ணாடி நாரும் பிசினும்தான்.

புத்தகங்களைப் படித்தேன். ஒரு நாவலைப் படிக்கிற அதே சிரத்தையோடு இரண்டு முறை படித்தேன். நாலுக்கும் பொதுவான சில லட்சணங்கள் புலப்பட்டன. நாலிலும் வானத்தில் மேகம் இல்லை. ஒரு சட்டையாவது நனைந்திருக்கவில்லை. பாதிப் படங்களில் பாயை விரிக்கவே இல்லை. நங்கூரம் போட்ட படகின் பின்புறத்தில் யாரோ பழம் நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பாய்ப்படகைப் பற்றிய புத்தகத்தில் காற்று ஒரு பாத்திரமாகவே வரவில்லை. கதாநாயகன் இல்லாத நாவலைப் படித்திருக்கிறேன். கதையே இல்லாததையும் படித்திருக்கிறேன். எதிரி இல்லாத கடல் கதையை அன்றுதான் படித்தேன்.

இருந்தாலும் விமர்சகனுக்கு நேர்மை வேண்டும். நாலு பேருக்கும் தனித்தனி நடை உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது லகூன். 1984-இல் பிறந்து, இப்போது பெனெட்டோ என்ற பெரிய பிரெஞ்சுக் குழுமத்துக்குள் இருப்பது. வாடகைப் படகுத் துறைகளில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு லகூன்மேல் விழும் என்கிறார்கள். நேர்க்குத்தாக நிற்கும் கண்ணாடி ஜன்னல், தாராளமான இடம், யாரையும் பயமுறுத்தாத சுபாவம். ஜனரஞ்சகமான தொடர்கதை ஆசிரியரின் நடை என்று சொல்லலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெகு காலமாக லகூன் படகுகளுக்கு உடல் வரைந்து கொடுத்த அதே பிரெஞ்சு நிபுணர்கள்தாம், 2010-இல் அமெரிக்கா கோப்பையை வென்ற ராட்சச மூவுடல் படகையும் வரைந்தார்கள். பறக்கத் தெரிந்தவர்கள்தாம் மிதக்கும் வீட்டையும் கட்டுகிறார்கள். வாசகர் எதைக் கேட்கிறாரோ அதை எழுதிக் கொடுக்கிற சாமர்த்தியம் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது.

இரண்டாவது ஃபோன்டேன் பஜோ. 1976-இல் லா ரோஷெல் பக்கத்தில் தொடங்கியது. பெயரில் பாதியான ஈவ் பஜோ 1972 ஒலிம்பிக்கில் தம் சகோதரரோடு பாய்ப்படகுப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். பந்தயக்காரர்கள் ஆரம்பித்த கடை என்பது கோடுகளில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. வீடுதான், ஆனால் ஓடிப்போகத் தயாராக இருக்கும் வீடு.

மூன்றாவது லெப்பர்டு. தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனில், 1991-இல் தொடங்கிய ராபர்ட்சன் அண்டு கேயின் தொழிற்சாலையில் செய்கிறார்கள். இவை வாடகைத் தொழிலோடு ஒட்டிப் பிறந்தவை. அமெரிக்கத் தம்பதி ஒருவர் 1969-இல் கரீபியன் கடலில் டோர்டோலா தீவில் ஆறு ஒற்றை உடல் படகுகளோடு தொடங்கிய மூரிங்ஸ் என்ற கம்பெனி பின்னால் உலகெங்கும் பரவியது. அதன் துறைகளுக்கு இரட்டை உடல் படகு செய்து கொடுத்தே லெப்பர்டு வளர்ந்தது. அவற்றில் பல, தொழிற்சாலையிலிருந்து அட்லாண்டிக்கைத் தாமே பாய் விரித்துக் கடந்து போய்ச் சேர்ந்தவை. கூடத்திலிருந்து முன்பக்கம் திறக்கும் கதவு இவர்களுடைய முத்திரை. அநாவசிய அலங்காரம் இல்லாத, வேலை தெரிந்த நடை.

நாலாவது பாலி. காட்டானா என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014-இல் கொண்டுவந்தது. மற்ற இரட்டை உடல் படகுகளில் முன்புறம் இரண்டு உடல்களுக்கும் நடுவே ஒரு வலை கட்டியிருக்கும். பாலியில் அந்த வலை இல்லை. அதற்குப் பதில் கெட்டியான தளம், அதன்மேல் மெத்தைகள். பின்பக்கக் கதவை அப்படியே மேலே தூக்கிவிட்டால் கூடமும் திண்ணையும் ஒன்றாகிவிடும். படிப்பவனை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே விடக் கூடாது என்று சபதம் செய்துகொண்ட ஆசிரியர்.

இப்படி எல்லாம் குறிப்பு எழுதி, ஒரு பெயரைச் சிபாரிசும் செய்து, மைத்துனனுக்கு அனுப்பினேன். என் விமர்சன வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சாமர்த்தியமான கட்டுரை அதுவாகத்தான் இருக்கும். அது முழுக்க வீண் என்பது லெஃப்காஸ் துறையில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தெரிந்தது.

நாங்கள் ஏறிய படகு எந்தக் கம்பெனி செய்தது, யாரிடம் வாடகைக்கு எடுத்தோம் என்பதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் குற்றம் தப்பான ஆள் தலையில் விழும். அது ஏழு வயதுப் படகு. வாடகைத் தொழில் எப்படி நடக்கிறதென்று அங்கே நின்று பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். பெரும்பாலும் படகு ஒரு தனி மனிதருக்குச் சொந்தம். துறைக் கம்பெனி அதை வாங்கி வைத்துக்கொண்டு பருவம் முழுவதும் வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. முன் வாரத்துக்காரர்கள் வெள்ளி மாலை திரும்புகிறார்கள். சனி காலை இறங்குகிறார்கள். அன்று மாலையே அடுத்த கூட்டம் ஏறுகிறது. படுக்கை விரிப்பு மாற்றுவது, தண்ணீர் நிரப்புவது, சமையல் வாயு பார்ப்பது, உடைந்ததை ஒட்டுவது எல்லாம் அந்தச் சில மணி நேரத்துக்குள். ஒரே மெக்கானிக், வரிசையாகப் பத்துப் படகு. தொழிற்சாலையில் வரைந்தவரின் மேதை அங்கே எட்டாது. நம்முடைய ஒரு வாரம் அந்த மெக்கானிக்கின் கையில் இருக்கிறது. நாவலை எழுதியவர் யார் என்று ஆராய்ந்த நான், கையில் கிடைக்கப்போகும் பிரதியில் எத்தனை பக்கம் கிழிந்திருக்கிறது என்று கேட்கவே இல்லை.

இரண்டாம் நாள் இதாக்காத் தீவில் கியோனித் துறைக்குப் போனோம். அங்கெல்லாம் முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்புறமாகவே கரைக்கு நகர்ந்து, கயிறு கட்டி நிற்க வேண்டும். நங்கூரச் சங்கிலியை இறக்கி ஏற்றும் மின்சார யந்திரம் பாதியில் நின்றுவிட்டது. மைத்துனனும் நானும் முப்பது மீட்டர் சங்கிலியைக் கையால் இழுத்தோம். எழுத்தாளனின் உள்ளங்கை எவ்வளவு மிருதுவானது என்று அன்று நிரூபணமாயிற்று. துறைக்கு டெலிபோன் செய்தால், "போன வாரமே அப்படித்தான் இருந்தது, மறுபடி முயன்று பாருங்கள்" என்று இனிமையாகப் பதில் வந்தது.

அகலம் இன்னொரு பாடம். லகூன் 42 என்ற மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள்: நீளம் 12.80 மீட்டர், அகலம் 7.70 மீட்டர். அதே நீளமுள்ள ஒற்றை உடல் படகு சுமார் நாலு மீட்டர் அகலந்தான் இருக்கும். ஆகவே கரையில் இரண்டு பேர் நிற்கும் இடத்தை நாம் ஒருவரே அடைத்துக்கொள்கிறோம். சின்னத் துறைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போனால் இடம் கிடைப்பது கஷ்டம். பல துறைகளில் கட்டணமும் கூடுதல். விளம்பரப் புத்தகம் அகலத்தைச் சொன்னது, பெருமையாகவே சொன்னது. அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

எதிர்க்காற்று மூன்றாவது பாடம். வாடகைக்கு வரும் இரட்டை உடல் படகுகளுக்கு ஆழமான அடிக்கட்டை கிடையாது. குட்டையாக இரண்டு இருக்கும். காற்று வரும் திசையை நோக்கி ஏறுவதில் ஒற்றை உடல் படகுக்கு அவை ஈடாகா. கியோனியிலிருந்து வடமேற்கே சுற்றி கெஃபலோனியாத் தீவின் பிஸ்கார்தோவுக்குப் போகும்போது காற்று நேர்முகம். இரண்டு உடல்களுக்கும் நடுவே அலை புகுந்து தளத்தின் அடியில் மடேர் மடேரென்று அறைந்தது. மேஜைமேல் இருந்த டம்ளர்கள் குதித்தன. அந்தத் தளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்பது, படகைத் தேர்ந்தெடுப்பவன் கேட்க வேண்டிய முதல் சில கேள்விகளில் ஒன்று. நான் மெத்தையின் நிறத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் ஐந்தாம் நாள் வந்தது. கோடையில் அந்தப் பக்கம் காலையில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். மத்தியானத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மைஸ்த்ரோ என்ற காற்று எழும். கெஃபலோனியாவுக்கும் லெஃப்காஸுக்கும் நடுவே உள்ள திறந்த கடலில் அது இன்னும் பலமாக வீசும். ஒற்றை உடல் படகு காற்று அதிகமானால் சாயும். டீ கொட்டும், பெண்கள் கூச்சலிடுவார்கள், படகோட்டி பாயைக் குறைப்பான். அந்தச் சாய்வு ஒரு பாஷை. இரட்டை உடல் படகு சாயாது. அதன் அகலமே அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. பாய் தாங்க முடியாத சுமையைக் கம்பமும் கயிறுகளும் மௌனமாகச் சுமக்கும். அதனால்தான் அத்தகைய படகுகளுக்குக் காற்றின் வேகத்தை அளந்து, இத்தனை 'நாட்' வந்தால் இத்தனை பாய் குறைக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். உணர்ச்சியை நம்பாதே, எண்ணைப் பார் என்பது அதன் தாத்பரியம்.

அன்று கூடத்தில் என் மனைவி உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் சீட்டு விளையாடினார்கள். டம்ளர் அசையவில்லை. மைத்துனன் வேகத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தான். மாமியார்தான், "என்னப்பா, கயிறு அழுகிற மாதிரி சத்தம் போடுகிறதே" என்றார். நாகப்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர். மைத்துனன் காற்றுமானியைப் பார்த்தான். 24 நாட் காட்டியது. அட்டவணைப்படி எப்போதோ பாயைக் குறைத்திருக்க வேண்டும். படகைக் காற்றுக்கு எதிரே திருப்பிப் பாயை இறக்கிச் சுருக்கி முடிக்கும்வரை அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இப்படிப்பட்ட படகு கவிழ்வது மிக அபூர்வம். அதைச் சொல்லி நான் யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் கம்பம் முறிந்திருக்கலாம், பாய் கிழிந்திருக்கலாம். கூடத்தில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

நாவல்களில் நான் வெறுப்பது ஒன்று உண்டு. வாசகனை ஓர் இடத்திலும் தொந்தரவு செய்யாமல், எல்லாம் சுகமே என்று தாலாட்டிக்கொண்டு போகிற நாவல். அதைப் படித்து முடித்தவனுக்கு உலகத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதே மறந்து போயிருக்கும். ஐந்தாம் நாள் நான் அத்தகைய நாவலுக்குள் உட்கார்ந்து உப்புமாவுக்காகக் காத்திருந்தேன் என்பதை உணர்ந்தேன். சௌகரியம் குற்றமல்ல. முழங்கால் வலிக்கும் மாமியாரைச் சாய்ந்து ஓடும் படகில் ஒரு வாரம் வைத்துக் காப்பாற்ற முடியாது. ஆனால் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. படகு சொல்லாத எச்சரிக்கையை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் பழைய விமர்சனத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, புதிதாக ஒன்று சொல்கிறேன். இப்படி ஒரு விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் கம்பெனிப் பெயரை முதலில் கேட்க வேண்டாம். முதலில் எந்தக் கடல், எந்த மாதம், எந்தக் காற்று என்று கேளுங்கள். கரீபியனில் செப்டம்பர் புயல் மாதம். 2017-இல் இர்மா என்ற புயல் டோர்டோலாத் துறைகளில் கட்டியிருந்த வாடகைப் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துவிட்டுப் போனது. எல்லாக் கம்பெனிப் பெயர்களும் அந்தக் குவியலில் இருந்தன. இரண்டாவது, படகு எந்த வருஷம் செய்தது, எத்தனை பருவம் உழைத்தது என்று கேளுங்கள். மூன்றாவது, அந்தத் துறையில் பழுது பார்க்க எத்தனை ஆள், வழியில் நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏறுவதற்கு முன் நங்கூர யந்திரத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டு எஞ்சினையும் ஓடவிடுங்கள். பாயை ஒரு முறை முழுக்க விரித்துச் சுருக்குங்கள். கட்டியிருக்கும் முன்பணத்தை அப்போதுதான் திரும்பிக் கேட்க வாய் வரும்.

நாலாவது, உங்கள் கூட்டத்தில் யார் யார் என்று பாருங்கள். இரட்டை உடல் படகில் கூடமும் திண்ணையும் ஒரே மட்டம். அது வயதானவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் படுக்கை அறைகள் இரண்டு உடல்களுக்குள்ளே கீழே இருக்கின்றன. அங்கே இறங்கும் படிகள் செங்குத்து. விளம்பரப் படம் எடுப்பவர் அந்தப் படிகளின் பக்கம் காமிராவைத் திருப்புவதே இல்லை. என் மாமியார் ஏழு இரவும் கூடத்துப் பெஞ்சில்தான் தூங்கினார்.

இத்தனைக்கும் பிறகு, ஐந்தாவதாகக் கம்பெனிப் பெயருக்கு வாருங்கள். அப்போது அது உபயோகமான கேள்வி. சுக்கான் சக்கரம் மேல்மாடியில் தனியாக இருக்கிறதா, திண்ணையோடு பேசும் தூரத்தில் இருக்கிறதா? வலை இருக்கிறதா, கெட்டித் தளமா? ஓட்ட ஆசையா, உட்கார ஆசையா? நாலு ஆசிரியர்களும் நாலு விதமாகப் பதில் சொல்கிறார்கள். யாரும் மோசமானவர்கள் அல்லர்.

என்னைக் கேட்டால் வலை இருக்கும் பக்கம்தான் என் ஓட்டு. காரணம் சாஸ்திரீயமானதல்ல. கடைசி நாள் காலை, லெஃப்காஸுக்குத் திரும்பும் வழியில், மாமியார் மெல்ல நடந்து முன்பக்கம் போய் அந்த வலைமேல் காலை நீட்டி உட்கார்ந்தார். மைத்துனன் பதறினான். "இருக்கட்டும்டா" என்றார். கீழே தண்ணீர் ஓடுவது வலைக் கண்களின் வழியே தெரிந்தது. ஒரு சின்ன அலை இடுக்கு வழியே மேலே பீச்சி, அவர் புடவைக் கரையை நனைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போயிற்று.

"இப்போதுதான் கட்டுமரம் மாதிரி இருக்கிறது" என்றார் மாமியார்.

அந்த விமர்சனத்தை நான் திருத்த முயலவில்லை.